மேல்வீட்டு டிரம்ஸ்காரர்

என் தங்க மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் அறைத்தோழி குடிக்கிறாள், ஆட்டம்பாட்டம் என்று திரிகிறாள், கோயில் வாசலை மிதிக்காதவள், அவளை விட்டு உடனே வேறு இடம் பார் என்று போன கடிதத்தில் நான்கு பக்கம் எழுதித் தள்ளியிருந்தேனே, பெட்டியைக் கட்டுவதற்கு முன் இதைப் படி.

நம் மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் டிரம்ஸ் வாசிப்பவர். தண்ணி, சீட்டு எல்லாம் உண்டு, கோயிலில் கலியாணம் முடிக்காத பெண்ணோடு குடித்தனம். படியில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவேன், செபக்குழுத் தலைவன் என்ற மிதப்பு. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது மேலே தடதடவென்று ஆரம்பித்தார். செபத்துக்கு வந்திருந்த தையல்கடைக்காரர் போய்க் கதவை உதைத்துவிட்டு வந்தார், சத்தம் நின்றது. செபம் முடிந்து எழுந்தால் நம் வாசலில் அவர் நிற்கிறார், சிரித்த முகம், குடித்த வாடை. கேலி பண்ண வந்திருக்கிறான் என்று நினைத்தேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த பித்தளை மெழுகுதிரித் தண்டை எடுத்தேன், அவர் வாயைத் திறப்பதற்குள் ஓங்கி அடித்தேன். தாடை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு பல் தரையில் தெறித்தது. அதோடு விட்டேனா பாவி, குனிந்து இன்னொரு அடி, அதில் காதோரம் பிளந்தது. தையல்கடைக்காரர் விலாவில் மிதித்தார். செபமாலையில் ஐம்பத்து மூன்று முறை தங்களைப் பாவிகள் என்று சொல்லி முடித்த வாய்கள்தான் இன்னும் ரெண்டு போடுங்க என்றன. உன் அம்மா குறுக்கே விழுந்து துண்டால் அவர் தலையைக் கட்டினாள், தூக்கிப் பிடிக்க ஆள் தேடினால் செபக்குழு செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். பேச முடியாது. போலீஸ் வந்து கேட்டதற்குப் படியில் தவறி விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் போய் நின்றபோது இன்னொரு காகிதத்தில் எழுதினார்: "செபம் எத்தனை மணிக்குன்னு கேக்கத்தான்ணே வந்தேன், அந்த நேரம் வாசிக்க மாட்டேன். உங்க பொண்ணு லீவுக்கு வருதுன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்க, அப்ப நீங்க ஜெயில்ல இருக்கக் கூடாது." எனக்கு அழுகை அடங்கவில்லை, கண்ணு. தையல்கடைக்காரர் ஆண்டவரே நம்மைக் காப்பாற்றினார், மூச்சு விடாதே என்கிறார். உன் அம்மா நான்கு நாளில் ஒரு தடவைதான் பேசினாள்: "நம்ம பொண்ணு யார்கூடப் பழகணும்னு இனிமே நீங்க சொல்லாதீங்க. உங்ககூட யார் பழகுவாங்கன்னு பாருங்க."

நாளைக் காலைப் பூசை முடிந்ததும் போலீசில் போய் உள்ளதைச் சொல்லப் போகிறேன். அவர் எனக்காகச் சொன்ன பொய்யில் நான் குளிர்காய முடியாது. உன் தோழியை விட்டுப் போகாதே, போயிருந்தால் திரும்பிப் போய், எங்கப்பா பேச்சைக் கேட்டுத் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல். ஆண்டவரும் மாதாவும் உங்கள் இருவரையும் காக்கட்டும். மறக்காதே, லீவுக்கு வரும்போது வாசலில் நான் இல்லாவிட்டால் முதலில் மேல்வீட்டுக்குப் போ, அம்மா அரைத்து வைத்த கஞ்சியை அவருக்குக் குடிக்கக் கொடு, பிறகு என்னைப் பார்க்க வா.

உன் நெற்றியில் சிலுவை போட்டு வழியனுப்பியதும் இந்தக் கைதான்,
அப்பா