கிளை முனையில் பிழை

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள என்னவருக்கு,

ஒரே நிறுவனம், ஒரே நெட்வொர்க் லைனின் இரு முனை. அங்கே தலைமையகத்தில் நீங்கள், இங்கே கிளையில் நான். இருந்தும் அலுவலகத் தபால் பையில் கடிதம் போட வேண்டியிருக்கிறது. லைன் படுத்துவிட்டதால் மின்னஞ்சல் இல்லை. தொலைபேசியோ மேலாளர் மேஜையில். நாம் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்.

ஞாயிறன்று தலைமையகத்தில் புது ரவுட்டர் மாட்டினீர்கள். அதிலிருந்துதான் இந்தக் கூத்து. மோடத்தில் விளக்கு எரிகிறது, கம்பி வழி சிக்னலும் வருகிறது. பாஸ்வேர்ட் சரிபார்க்கும் இடத்தில்தான் உங்கள் ரவுட்டர் என் ரவுட்டரைத் துரத்திவிடுகிறது. இரு முனையிலும் ஒரே பாஸ்வேர்ட் இருந்தால்தான் பேசும் என்று உங்களுக்கு நானா சொல்ல வேண்டும்? உங்கள் பக்கம் ஒரு தடவை பாருங்களேன்.

ரவுட்டர் இருக்கும் அறை கழிவறையை ஒட்டியது. கேபிள் முழுக்க எலிப் புழுக்கை, பிசுபிசுப்பு. மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் குமட்டுகிறது.

மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்று முடிவு செய்யும் நேரம் பார்த்து இப்படி. சனிக்கிழமை வருகிறேன்.

உங்கள் தலைவலி


மார்ச் 5, புதன்

என் செல்லக் கோபக்காரிக்கு,

என் பக்கம் எல்லாம் பளிங்கு மாதிரி இருக்கிறது. கோளாறு உன் முனையில்தான். கேபிளை மாற்றிப் பார். அதற்கும் மசியாவிட்டால் செட்டிங் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடி. இதற்குப் போய் மூக்கைச் சிந்துவார்களா?

சனிக்கிழமைக்காக நாளை எண்ணும்,
உன்னவன்


மார்ச் 6, வியாழன்

அன்புள்ளவருக்கு,

தரையில் குப்புறப் படுத்துக் கேபிளை மாற்றினேன். தலைமுடியில் ஒட்டடை, புடவையில் என்னவென்றே தெரியாத கறை. பலன் சுழியம்.

செட்டிங்கை அழிக்கவில்லை. காரணம் தெரியாமல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். என் பழக்கம் தெரிந்ததுதானே. என் பக்கம் உள்ளதை வரிக்கு வரி தாளில் எழுதிப் பார்த்தாயிற்று. பிழை இல்லை.

கணக்குப் பிரிவு அம்மா எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "உங்க வீட்டுக்காரர் அங்க பெரிய ஆளாச்சே, ஒரு வார்த்தை சொல்லி முடிக்கக் கூடாதா?" வெட்கம் பிடுங்கித் தின்கிறது. தயவுசெய்து பாருங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 7, வெள்ளி

கண்ணம்மா,

காலை பதினொரு மணிக்கு லைன் எழுந்ததைப் பார்த்திருப்பாய். சிரிக்காதே. புது ரவுட்டரில் வேறொரு கிளையின் செட்டிங்கை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். கிளைப் பெயரை மாற்றினேன், பாஸ்வேர்டை மாற்ற மறந்துவிட்டேன். ஐந்து நாள் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. தலைமைப் பொறியாளர் அறிக்கை கேட்டார். 'கிளை முனையில் பிழை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. இப்போது போய் என் தவறு என்றால் அவ்வளவுதான். யார் பேரில் எழுதினால் என்ன, ஒரே குடும்பம்தானே? உன் வேலை போனாலும் நல்லதுக்குத்தான். நீ என்னோடு இங்கேயே இருந்துவிடலாம். அந்த நாற்ற அறையும் இல்லை.

படித்ததும் கிழித்துவிடு.

உன்னவன்


மார்ச் 10, திங்கள்

ஐயா,

சனிக்கிழமை நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தெரிந்திருக்கும்.

இன்று மேலாளர் கூப்பிட்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்றார். "உங்க புருஷனே கைப்பட எழுதிக் குடுத்திருக்காரேம்மா, நான் என்ன பண்றது?" என்று கையை விரித்தார். அவர் முகத்தில் இருந்தது இரக்கம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எலிப் புழுக்கையைக் கையால் அள்ளினேன். அப்போதுகூட இவ்வளவு அருவருப்பு வரவில்லை. சனிக்கிழமை காலை பையில் வந்த உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய்க் கை கழுவினேன். தவறு செய்தீர்கள், அது யாருக்கும் நேரும். தெரிந்தே என் மேல் போட்டீர்கள். அதையும் எனக்குச் செய்த நன்மையாகச் சொல்கிறீர்கள், செல்லப் பெயர் வைத்து. அந்தப் பெயரால் இனி என்னைக் கூப்பிடாதீர்கள்.

என் ரவுட்டரில் கடைசியாகச் செட்டிங் மாற்றிய தேதி போன அக்டோபர் 19 என்று அதிலேயே பதிவாகியிருக்கிறது. நான் எதையும் தொடாமலேயே லைன் எழுந்தது. அதை அச்செடுத்துத் தலைமைப் பொறியாளர் பெயரில் ஓர் உறைக்குள் வைத்திருக்கிறேன். ஒரு தேதியை மட்டும் வைத்து என்னை நம்புவாரா என்று சந்தேகமாக இருந்தது. அதனால் நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதத்தையும் கூடவே வைத்தேன்.

இரண்டு உறைகளும் ஒரே பையில்தான் வருகின்றன. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் அதைப் படித்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
கிளை வலையமைப்புப் பொறியாளர்