வருடம் தப்பாத லீவர்

அன்புள்ள எய்லி,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை அந்த வரியை எழுதினால் பொய்யாகிவிடும். என் முழங்கால் பரவாயில்லை, அப்பாவின் இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. உன் அண்ணனைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லக் கூடாதா என்பாய். ஸ்ட்ருவன் நம் வீட்டோடு வந்துவிட்ட பிறகு நான் எப்போது போனை எடுத்தாலும் அவன் எதிர் நாற்காலியில் இருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவனைப் பற்றி என்ன சொல்வது? அதனால் கடைசி சில மாதங்களாக நீ என்னிடம் கேட்டதெல்லாம் நான்கு பேர் நடுவில் கேட்ட செய்தி. உள்ளது இதில் இருக்கிறது, நிதானமாகப் படி.

இலையுதிர் காலத்தில் டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னபோது உனக்கும் சொன்னோம். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னால், பல்பும் நன்றாக இருக்கிறது, சுவிட்சும் நன்றாக இருக்கிறது, நடுவில் போகிற ஒயர்தான், அதாவது நரம்புதான், ஒவ்வொன்றாகத் தேய்ந்துகொண்டு வருகிறது. மாற்றிப் போடுகிற ஒயர் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், கார் ட்வீட் ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஸ்ட்ருவன் அப்பாவிடம், "கொட்டகையில இருக்கற என் பழைய சைக்கிளை எடுத்து ஓட்டற மாதிரி பண்ணித் தர்றீங்களா? வீட்டுக்குப் பின்னாடி இருக்கற காட்டுப் பாதையில ஒரே ஒரு தடவை இறங்கணும். கை இருக்கும்போதே இறங்கணும்," என்றான். அவன் மர ஆலையில் கோடை முழுவதும் பலகை தூக்கி வாங்கினானே, முன்னும் பின்னும் ஷாக் அப்சர்பர் வைத்த ஊதா நிறச் சைக்கிள், அதுதான். நீ அவனுக்குத் தெரியாமல் எடுத்துப் போய் முட்புதரில் விழுந்து, விழவே இல்லை என்று சாதித்த அதே சைக்கிள்.

அப்பாவுக்கு அன்றைக்கே உயிர் வந்தது. டாக்டர் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தில் பையன் செய்வதற்கு ஒன்றைக் கொடுத்துவிட்டான். வண்டி இருந்த நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். சீட் தண்டு சட்டத்தோடு சட்டமாக இறுகிப்போய், கொதிநீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, ஒரு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித்தான் வெளியே வந்தது. முன் ஃபோர்க்குக்குள் இருந்த ரப்பர் கட்டைகள் வெயிலில் விட்ட டாஃபி மாதிரி உருகிக் கிடந்தன. அதை வழித்தெடுக்க என் நல்ல தேக்கரண்டி போயிற்று. பின்சக்கரத்தைத் தாங்கி ஆடுகிற சட்டத்தின் மூட்டில் புஷ் வளையங்கள் தேய்ந்து, பிடித்து அசைத்தால் தளர்ந்த பல் மாதிரி ஆடியது. அப்பா புதிதாகக் கடைந்து வரவழைத்தார். ஒவ்வொரு வெல்டிங் ஓரத்தையும் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். அலுமினியம் வளைந்து எச்சரிக்காது, ஒடிந்த பிறகுதான் சொல்லும் என்பது உனக்கும் தெரியும். எண்ணெய் கசிந்த பின் ஷாக்கை மட்டும் டூகல் ரென்னி தன் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சீல் மாற்றிக் கொண்டுவந்தான். ஸ்ட்ருவனோடு பந்தயம் ஓடிய டூகல்தான், இப்போது தலையில் ஒரு முடி இல்லை. ஸ்ட்ருவன் ஸ்டூலில் உட்கார்ந்து இருவரையும் வேலை வாங்குவான். "கிரீஸ் போடுங்கன்னா ரொட்டிக்கு வெண்ணெய் தடவற மாதிரி தடவறீங்களே அப்பா," என்பான். கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் அடுக்களைவரை வரும். புது வருடம் பிறந்தபோது வண்டி முடிந்துவிட்டது, பின் பிரேக்கின் லீவர் ஒன்றைத் தவிர. நம் ஊர் வழக்கப்படி இடது கைப் பக்கம் இருப்பது. அது ஒடிந்து போயிருந்தது.

அப்பாவும் டூகலும் சேர்ந்திருக்கிற பழைய சைக்கிள் கூட்டத்தாரின் வழக்கம் நீ மறந்திருக்க மாட்டாய். ஈஸ்டருக்குப் பிந்தைய சனிக்கிழமை பள்ளத்தாக்கில் கூடுவார்கள். வண்டி பிறந்த வருடத்துக்குப் பிந்தைய திருகாணி ஒன்று கண்ணில் பட்டாலும் சொந்தக்காரர் கழுத்தில் பழைய ட்யூபை மாலையாகப் போட்டுச் சாயங்காலம்வரை கழற்ற விட மாட்டார்கள். அடுத்தவர் கழுத்தில் ட்யூப் போடுவதில் உன் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. டூகல் ஜனவரியிலேயே ஒரு லீவர் கொண்டுவந்தான். கொஞ்சம் பிந்தைய வருடத்தது. "இதைப் போட்டு ஓடவிடுங்க லாக்லன், பிரேக்குக்கு என்ன பிறந்த நாளா கொண்டாடப் போறீங்க?" என்றான். அப்பா அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "வளைவு வேற. அவன் முதல்முதலா உட்கார்ந்தப்போ வண்டி எப்படி இருந்ததோ அப்படியே கொடுப்பேன்," என்றார். ஜெர்மனியில், பவேரியாவில் யாரோ ஒருவரிடம் அதே வருடத்து லீவர் இருக்கிறதென்று கேள்விப்பட்டார். அந்த மனிதர் தருகிறேன் என்பார், அப்புறம் மனம் மாறுவார், மறுபடி தருகிறேன் என்பார். பனி விழுந்தது, கரைந்தது, அப்பா தபாலுக்குக் காத்திருந்தார். அதற்குள் ஸ்ட்ருவனுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினான். பிறகு நான் கோப்பையைப் பாதி மட்டும் நிரப்பினேன். இதையெல்லாம் அப்பா பார்க்காமல் இல்லை. லீவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறார். பரீட்சை மணி அடிக்கும்வரை பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிற நல்ல மாணவர்கள் எனக்கு வருடத்துக்கு ஒருவராவது இருந்தார்கள். சோம்பேறிகள் இல்லை, கூர் போதாது என்று பயப்படுகிறவர்கள்.

வசந்தத்தில், ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் சமயத்தில் பொட்டலம் வந்தது. அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போய் லீவரைப் பூட்டி, கேபிளை இழுத்துக் கட்டி, ஸ்ட்ருவனைக் கூப்பிட்டார். நானும் போனேன். அவன் கைப்பிடியைப் பிடித்தான். இடது கை விரல்கள் லீவரின் மேல் போய்ப் படுத்துக்கொண்டன, அவ்வளவுதான். அப்பா, "இன்னும் கொஞ்சம் அழுத்துப்பா, கேபிள் புதுசு, விறைப்பா இருக்கும்," என்றார். லீவர் அசையவில்லை. அப்பா கேபிளைத் தளர்த்தினார், திரும்ப அழுத்தச் சொன்னார், இன்னும் தளர்த்தினார். ஸ்ட்ருவன்தான் கடைசியில், "லீவர் அருமையா இருக்கு அப்பா. கைதான் வருஷம் தப்பிடுச்சு," என்றான். அப்பா அதற்குச் சிரிக்கப் பார்த்தார். அந்த முகத்தை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. டூகல் வீட்டுக்குப் போய், ஒரே லீவரில் இரண்டு கேபிளையும் இழுக்கிற புதுசு ஒன்றை வாங்கி வந்தார். ஒரு கை மட்டும் உள்ளவர்கள் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்குச் செய்தது, கறுப்பாகத் தடிமனாக அசிங்கமாக இருக்கும். அதை வலது பக்கம் பூட்டினார். இருட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

அவர்கள் கூடுகிற அந்தச் சனிக்கிழமைதான் ஸ்ட்ருவன் இறங்கினான். அவன் அந்தக் காலத்தில் பறந்த செங்குத்துப் பாதை இல்லை, லார்ச் மரங்களுக்கு நடுவே மர லாரி போகிற அகலப் பாதை. புது வருடத்தில் என்றால் அந்தப் பழைய பாதையிலேயே இறங்கியிருப்பான் என்று டூகல் என்னிடம் மட்டும் சொன்னான். மேலே இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள். நானும் அப்பாவும் கீழே கேட் அருகில் நின்றோம். முதலில் பின்சக்கரத்தின் கிடுகிடு சத்தம் கேட்டது, பிறகு ஆள் தெரிந்தான். வாயைத் திறந்துகொண்டு வந்தான் எய்லி, பத்து வயதில் சறுக்கு மரத்தில் வருவானே அப்படி. பிரேக் பிடித்தது, டூகல் தாங்கிக்கொண்டான். ஆனால் கைப்பிடியை விட வரவில்லை. விரல்கள் இறுகிவிட்டன. அப்பா முட்டிபோட்டு உட்கார்ந்து, குளிரில் விறைத்து வந்த குழந்தைக்குக் கையுறை கழற்றுகிற மாதிரி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். பிறகு அப்பா எழுந்து டூகல் முன்னால் தலையைக் குனிந்து நின்றார். டூகல் ட்யூபைப் பைக்குள் திணித்துவிட்டு, "போங்க லாக்லன், இன்னைக்கு வேண்டாம்," என்றான். ஸ்ட்ருவன் கீழே உட்கார்ந்தபடியே, "போடு டூகல். இத்தனை வருஷமா எத்தனை பேர் கழுத்தில போட்டிருக்கார். அவருக்கு நல்லா இருக்கும்," என்றான். டூகல் போட்டான். அப்பா சாயங்காலம்வரை கழற்றவில்லை. வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை, சாப்பாட்டு மேஜையில் நான்தான் அவர் கழுத்திலிருந்து எடுத்து வைத்தேன்.

அது முடிந்தது. இனி அவன் ஏற மாட்டான், வலது கையும் போகத் தொடங்கிவிட்டது. பேச்சில் நுனி மழுங்குகிறது. போனில் சரியாகக் கேட்கவில்லை, லைன் மோசம் என்று நீ சொன்னாயே, லைன் மோசமில்லை கண்ணே. நீ ஜூலைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய். அங்கே வேலை முடிய வேண்டும், லீவு சேர வேண்டும், வந்தால் ஒரு மாதமாவது இருக்கிற மாதிரி வர வேண்டும் என்கிறாய். எல்லாம் நியாயம்தான். அப்பாவின் லீவரும் நியாயம்தான். நேற்று ஸ்ட்ருவனே கேட்டான், மூன்று தடவை சொல்லித்தான் எனக்குப் புரிந்தது: "எய்லி வந்து அந்த வண்டியில இறங்கணும். அவ விழறதை நான் பார்க்கணும், பார்த்துத் திட்டணும். திட்ட நாக்கு இருக்கும்போதே வரச் சொல்லும்மா." அதனால் பத்து நாள் வர முடிந்தால் பத்து நாளைக்கு வா, நான்கு நாள் என்றால் நான்கு நாளைக்கு வா. இப்போதே வா. வந்த பிறகு லீவர் விஷயமாக அப்பாவை ஒரு வார்த்தை சொல்லாதே. தன்னையே திட்டிக்கொண்டதில், நாம் சொல்வதற்கு அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

உன் பிரயாணம் நல்லபடியாக அமையட்டும், நீ எங்கே இருந்தாலும் உன் கையும் காலும் உன் சொல் கேட்கட்டும், வேறு ஆசீர்வாதம் இப்போது எனக்குத் தோன்றவில்லை. குளிருக்குத் தகுந்த காலுறை எடுத்து வா. அப்பா சீட்டை உன் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டார், மழை விட்டால் புஷ்களுக்குக் கிரீஸ் வைத்துத் துடைக்கிறார். அந்தப் பழைய லீவரை மறுபடி பூட்டட்டுமா, உனக்கு இரண்டு கையும் இருக்கிறதே என்று கேட்டார். ஸ்ட்ருவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான், அது அடுக்களை ஜன்னலில் கிடக்கிறது. ஆகவே மேலே ஏறி உட்காரும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இடது பக்கம் பிரேக் இல்லை.

உன் வரவை எதிர்நோக்கும் அம்மா,
இஷ்பெல்