தோல் கோட்டின் இடது தோள்

ஹபீலாவின் வாப்பாவுக்கு,

கொழும்பு ஆஸ்பத்திரிச் சோற்றில் கொழுத்துவிட்டீர்களா?

உங்கள் தோல் கோட்டை நேற்று வெயிலில் போட்டேன். வத்தேகம பஸ் ஓட்டி ஓட்டி முழங்கை இரண்டும் பேரீச்சம்பழமாகச் சுருங்கிவிட்டன. அழகுதான், உங்கள் முகம் மாதிரி.

என் தம்பி ஹாஷிம் அதை வாங்க ஒருவரைக் கூட்டிவந்தான். "மச்சானுக்கு இனி பஸ் ஏது ராத்தா, வித்துப் போடுங்களே" என்றான். வந்தவர், இடது தோளில் மட்டும் ஏன் இந்தக் கறுத்த மினுமினுப்பு என்று கேட்டார். பஸ்ஸில் உங்கள் பக்கத்து இஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து தூங்கி விழுந்த என் தலையிலிருந்து, முக்காட்டையும் தாண்டி ஊறிய தேங்காயெண்ணெய் என்று அந்நிய ஆம்பிளையிடம் சொல்ல முடியுமா? விற்பதற்கில்லை என்று உள்ளே எடுத்துவந்துவிட்டேன்.

மினுமினுப்பு கொஞ்சம் மங்குகிறது. பஸ் கிடக்கட்டும், தோளைக் கொண்டு வாருங்கள். எண்ணெய் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பாதி வழியிலேயே தூங்கிவிடுகிறவள்