மூடியில் இருந்த நூற்றைம்பது

அனுமந்தன்பட்டி

அன்பு மகன் சேவியருக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் ஜெசியும் சுகமாக இருக்க வேண்டும். திராட்சை இந்த முறை மழையில் வெடித்துப் பாதிக்குமேல் வீண், அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

உன் அண்ணன் பிலவேந்திரன் கம்பம்மெட்டு மலை இறக்கத்தில் வண்டியோடு விழுந்து இறந்ததிலிருந்து பதினோரு வருடமாகக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த ஸ்கூட்டரை விலைக்குக் கேட்டு, பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர் கட்டப்பனையிலிருந்து வந்தார். என்ஜின் எத்தனை சிசி என்றார். நூற்றைம்பது என்றேன். ஆர்சி புத்தகத்தில் நூற்றிருபத்தைந்து இருக்கிறதே என்றார், என் சின்ன மகன் மாற்றிவிட்டான் என்றேன். பிரித்து அளந்தால் தெரிந்துவிடும் என்று மெக்கானிக் நாகராஜை வரச் சொன்னார். நாகராஜ் சிலிண்டரைக் கழற்றி அளந்து பார்த்துவிட்டு, அய்யா, விட்டம் அம்பத்திரெண்டரை மில்லிதான், இது நூத்தி இருவத்தஞ்சு, கம்பெனி பிஸ்டனே இன்னும் கெடக்கு, பக்கத்து மூடி மட்டுந்தான் வேற வண்டிது, அதுல நூத்தம்பதுன்னு இருக்கு, யாரு உங்கள ஏமாத்துனாக என்றான். யாரும் ஏமாற்றவில்லை. நசுங்கிய மூடிக்குப் பதில் தேனி பழைய இரும்புக் கடையில் வேறு மூடி வாங்கி மாட்டினேன், என்ஜினைத் தொடவே இல்லை என்று நீ அன்றைக்கே சொன்னாய். மூடியில் இருந்த எண்ணை நம்பினேன், உன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய என்ஜின் வைத்து அண்ணனைக் கொன்றவன் நீ என்று கல்லறைத் தோட்டத்தில் ஊரார் முன்னால் சொன்னேன். நீ குழியில் மண்கூடப் போடாமல் போனாய். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியிடம் கேட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் எழுந்து நின்றேன். சேவியர் மேல் நான் சொன்னது அபாண்டம், அவன் ஒன்றும் செய்யவில்லை என்றேன். உன் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, ஊர்க்காரககிட்டச் சொல்லிட்டீக, அவன்கிட்டச் சொன்னீகளா என்றாள். ஊருக்குச் சொன்னது சுலபமாக இருந்தது, உனக்கு எழுத நான்கு நாளாகிவிட்டது. தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள் மகனே.

மாதா உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். மதிய வெயிலில் வெளிவேலை என்றால் தண்ணீர் குடிக்க மறக்காதே. அடுத்து அம்மாவோடு பேசும்போது, அப்பாவிடம் போனைக் கொடு என்று ஒரு வார்த்தை சொல். நானாகக் கேட்டு வாங்க எனக்கு முகமில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா,
சவரிமுத்து