கணக்கில் சேராத பயணம்

நெப்ராஸ்கா,
ஞாயிறு, 7 நவம்பர் 1943

அன்பு மகன் லாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், இங்கிலாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. மக்காச்சோளம் பாதி ஒடித்தாயிற்று, மழை விட்டால் மீதியும் முடிந்துவிடும். செம்பட்டைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

புதன்கிழமை ஆர்வில் வந்திருந்தான், உன் விமானத்தில் வால்பக்கத் துப்பாக்கியில் இருந்தவன். வலது கையில் மூன்று விரல் இல்லை. கசகசா வைத்துச் சுட்ட கொலாச் ரொட்டி கொடுத்தேன், இடது கையால் நாலு சாப்பிட்டான். நீ கொடுத்தனுப்பிய பெட்டியைத் திறந்து பதக்கத்தைக் காட்டினான், ரிப்பனில் இரண்டு குட்டி ஓக் இலைகள். எனக்கு ஒரே பூரிப்பு. நீதான் பட்டறையில் துப்பாக்கி பழுது பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அதனால், "பட்டறை வேலைக்குக்கூட பதக்கம் குடுக்கறாங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் உன் அப்பாவைப் பார்த்தான். அப்பா காப்பிக் கோப்பையைப் பார்த்தார். என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நானும் விடவில்லை. கடைசியில், "அம்மா, எதிரி நாட்டு மேல அஞ்சு தடவை போயிட்டு வந்தா இந்தப் பதக்கம். அப்புறம் ஒவ்வொரு அஞ்சுக்கும் ஒரு இலை. இருபத்தஞ்சு முடிஞ்சா வீட்டுக்கு விட்டுருவாங்க" என்றான். பதினைந்து தடவை போயிருக்கிறாய், இன்னும் பத்து இருக்கிறது. அப்பாவுக்கு வசந்தகாலத்திலேயே நீ தனியாக எழுதிவிட்டாயாம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "சொன்னா நீ தூங்குவியா?" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

ஆர்வில் இன்னொன்றும் சொன்னான். ஆகஸ்டில் ஒரு நாள் கடலுக்கு மேலே போகும்போதே அவனுடைய ஆக்சிஜன் குழாய் உறைந்து, அவன் மயங்கிக் கிடந்தானாம். நீ சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வால்பக்கம் வரைக்கும் தவழ்ந்து போய் அவனுக்கு மூச்சு திரும்ப வரவைத்தாயாம். அவன் கையுறை கழன்று கிடந்ததால், பனியில் விறைத்துப்போன அந்த வலது கையை உன் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டாயாம். விமானி பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். இலக்குக்குப் போகாததால் அந்தப் பயணம் யாருக்கும் கணக்கில் சேரவில்லையாம். "உன்னால எனக்கு ஒரு தடவை போச்சேடான்னு லாடி ஆஸ்பத்திரிக்கே வந்து திட்டினான்மா, திட்டிட்டு அழுதான்" என்றான். பதக்கத்தைச் சுவரில் மாட்டலாம் என்று அப்பா சொல்கிறார். நீ வந்து மாட்டிக்கொள் என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். அந்தப் பதினைந்தை உன் அதிகாரிகள் எண்ணட்டும் லாடி, அவர்கள் விட்டுவிட்ட அந்த ஒன்றை நான் எண்ணிக்கொண்டேன்.

கோபமில்லை மகனே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே. மாதா உன்னையும் உன்னோடு பறக்கும் பிள்ளைகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இனிமேல் பட்டறைக் கதை வேண்டாம். எங்கே போனாய் என்று எழுத விடமாட்டார்கள், தெரியும். ஒவ்வொரு தடவையும் தரைக்கு வந்ததும் "இறங்கிவிட்டேன் அம்மா" என்று மட்டும் எழுதிப் போடு, அது போதும்.

உன் வரியை எதிர்பார்த்திருக்கும்
அம்மா லுட்மிலா