கோல் கம்பத்துக்குப் பின்னால்

தம்பிக்கு,

உன் கடிதம் சந்தை ஜீப்பில் வந்தது. நம் மலை டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு மேனேஜராகியிருக்கிறாய். சாமை அறுப்பென்று பாதிப் பேர் வருவதில்லை, கோலில் நிற்க ஒருவனும் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். காய்ச்சலில் போன என் பிள்ளை நின்ற இடம் அது என்பதை மட்டும் எழுதவில்லை.

நேற்று அவன் கூட்டாளி சடையன் வந்து வாசலிலேயே நின்றான்.

"அத்தே, நான் கோலுல நின்னா உனுக்குக் கோவமா?"

"நிக்காட்டிதான்டா கோவம். பந்து இன்னா, தானா நிக்குமா?" என்றேன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

அவனையே நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறேன். எப்போதும்போல கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்பேன். என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாமென்று அவனிடம் சொல். நான் அழுவதைப் பார்த்தால் பந்தை விட்டுவிடுவான்.

உன் அக்கா