நான் அடித்துத் திருத்திய இரண்டு எழுத்து

என் செலினுக்கு,

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் நீ இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஒன்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவளுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்பாய். கேள், அது நியாயம்தான்.

போன மாதம் உன் மகள் நதின் காரைக்கால் வந்திருந்தாள். உன் பிறப்புப் பத்திரத்துக்கு நகல் வாங்க வந்தவள், விசாரித்துக்கொண்டு என் கடைக்கும் வந்தாள். மொழிபெயர்ப்பு, டைப்பிங், ஜெராக்ஸ் என்று அதே போர்டுதான் இன்னும் தொங்குகிறது. உன் நெற்றி, உன் நடை. அவளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். செத்த பிறகும் இப்படி ஒருத்தியை நடமாட விட்டுப் போயிருக்கிறாளே என்று. பிள்ளை இல்லாத என்னை அது எந்த இடத்தில் குத்தும் என்று உனக்குத் தெரியும்.

பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள். "அம்மா இதைத் திருப்பித் திருப்பிப் படிப்பாங்க. இங்க உங்களைத் தவிர பிரெஞ்சு படிக்கிறவங்க எனக்கு யாரைத் தெரியும்? நீங்களே வச்சுக்கங்க, பெரியம்மா." தமிழ் அப்படியே நம் ஊர் நெரவித் தமிழ். நீ வளர்த்தது.

பின்னாளில் உலகமே பேர் சொன்ன ஒரு மனிதர், அந்தப் பேரும் புகழும் வருவதற்கு முன்னால், இருபத்துச் சொச்சம் வயதில் ஒரு நண்பனோடு ஊர் ஊராகச் சுற்றியதை எழுதிய புத்தகம். யார் என்று இங்கே எழுதவில்லை. அவரைத் திட்டப் போகிறேன், அவருடைய அபிமானிகள் காரைக்காலிலும் இருக்கிறார்கள்.

பத்துப் பக்கம் தாண்டவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. கையில் காசில்லாமல் கிளம்புகிறார்கள், போகிற இடத்தில் யாராவது சோறு போடுகிறார்கள். வண்டி படுத்தால் லாரி, லாரி கிடைக்காவிட்டால் நடை. யார் வீட்டுப் பிள்ளை, யாரிடம் சொல்லிவிட்டு வந்தாய், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டாமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஆம்பளை ஊர் சுற்றினால் அதற்கு அனுபவம் என்று பேர். அட்டை போட்டு விற்கிறார்கள்.

நீயும் நானும் சுற்றியது ஒரே ஒரு நாள். இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயது. வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்று இரண்டு வீட்டிலும் பொய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய உன் அப்பாவின் மொபெட்டை நீ ஓட்டினாய், நான் பின்னால். கீழவாஞ்சூரில் அப்போது துறைமுகமும் இல்லை, நிலக்கரி லாரியும் இல்லை, ரோடு காலியாகக் கிடந்தது. வேளாங்கண்ணியில் வண்டியை நிறுத்தாமலே ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டாய். வண்டி ஆடியது, நான் அலறினேன். கோடியக்கரை வரை போய்விட வேண்டும் என்பது உன் திட்டம். வேதாரண்யத்தில் மழை பிடித்தது, மொபெட் நின்றது. உப்பு மூட்டை ஏற்றிய ஒரு லாரிக்காரர்தான் இரக்கப்பட்டு, "வண்டிய மேல போடுங்க, ரெண்டு பேரும் தார்ப்பாய்க்குள்ள குந்துங்க" என்றார்.

நனைந்து, நேரம் கழித்து வந்ததற்காக என் அண்ணன் விட்ட அறையில் இரண்டு நாள் காது இரைந்தது. உன் அப்பா வண்டிக்கு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டாராம். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு இந்த வயிற்றெரிச்சல்.

அப்புறம் நீ கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனாய். உனக்குப் பிறப்பிலேயே கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமை எனக்கு எந்த ஜென்மத்தில் கிடைக்கும்? வீம்புக்குப் பிரெஞ்சு படித்தேன். இலக்கணப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். அந்தக் காலத்துப் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பத்திரங்களைத் தமிழாக்கித் தருவதே பிழைப்பாயிற்று. பத்திரத்துப் பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரெஞ்சில் அரட்டை அடிக்கத்தான் எனக்கு ஆள் இருந்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் கட்டுரை தபாலில் வந்தது. அங்கே உங்கள் தமிழர் சங்கத்து மலரில் பிரெஞ்சில் எழுதியிருந்தாய். "படிச்சுட்டு உடனே போன் பண்ணுடி" என்று ஒரு துண்டுச் சீட்டு. அந்த மொபெட், அந்த மழை, அந்த உப்பு லாரி எல்லாம் இருந்தன. நான் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரை 'ஓன்' என்ற ஒரே சொல். என் இலக்கணப் புத்தகத்தில் அதற்கு 'ஒருவர்' என்று பொருள். ஒருவர் புறப்பட்டார். ஒருவர் மழையில் நனைந்தார். ஒருவர் மூட்டை மேல் உட்கார்ந்து பாடினார். பாடினது நான் செலின்! அதைக்கூட எடுத்துக்கொண்டாயே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

போதாக்குறைக்கு எழுத்துப் பிழை வேறு. பிரெஞ்சில் சில வினைச்சொல்லின் வாலில், வாயில் ஒலிக்காமல் கண்ணுக்கு மட்டும் தெரியும் எழுத்துகள் உண்டு. போனது பெண் என்றால் ஒரு எழுத்து, ஒருத்திக்கு மேல் போனால் இன்னொரு எழுத்து. 'ஒருவர்' என்று எழுதிவிட்டு அந்த இரண்டையும் நீ ஒட்டியிருந்தாய். பாஸ்போர்ட் வைத்திருப்பவளுக்கு இலக்கணம் தெரியவில்லை என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம்! சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரு இடம் விடாமல் அந்த இரண்டு எழுத்தையும் அடித்து, ஒரு வரிகூட எழுதாமல் உனக்கே திருப்பி அனுப்பினேன்.

நீ போன் பண்ணினாய். "தபால் வந்துச்சுடி" என்றாய். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். "வேலை இருக்கு" என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறமும் பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாய். நான் ரெண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். போன வருஷம் நீ போய்விட்ட செய்தி வந்தபோதுகூட, அழுகைக்கு நடுவில், 'ஒருவர் இறந்தார்' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அவ்வளவு கெட்டவள் நான்.

இப்போது அந்தப் பெரிய மனிதரின் புத்தகத்திலும் பக்கத்துக்குப் பக்கம் அதே 'ஓன்'. ஆரம்பத்தில் பேரைப் போட்டுவிட்டு இந்த ஆளும் கூட வந்தவனைக் கழற்றிவிட்டுவிட்டான் பார் என்று முதலில் ஒரு அற்பத் திருப்தி. ஆனால் கணக்கு உதைத்தது. 'ஒருவர்' வண்டியிலிருந்து விழுகிறார், அடுத்த வரியில் இரண்டு பேர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். ஒருவர் விழுந்தால் இருவர் எப்படி எழுந்திருப்பார்கள்?

நதினுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன்.

"பெரியம்மா, ஓன்னா நாங்கதான்" என்று சிரித்தாள். "நாங்க போனோம், நாங்க சாப்பிட்டோம், எல்லாத்துக்கும் அதான். பேச்சுல வேற யாரும் சொல்றதில்ல."

"அப்ப அந்த வால்ல ரெண்டு எழுத்து?"

"போனது ரெண்டு பேரும் பொம்பளைங்கன்னா அதைப் போடலாம். தப்பே இல்ல. ஏன் கேக்குறீங்க?"

அவளிடம் என்ன சொல்வேன்? உன் அம்மா என்னை உட்கார வைத்திருந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி நானே சிவப்பு மையால் அடித்தேன் என்றா?

அப்படியும் விடவில்லை நான். என் பேரையாவது ஒரு இடத்தில் போட்டிருக்கலாமே என்று இரண்டு நாள் உன் மேல் கறுவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. அந்தத் தார்ப்பாய்க்குள் உன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியது நான்தானே? "அண்ணன் கொன்னுடும்டி. செத்தாலும் என் பேரை யார்கிட்டயும் சொல்லக் கூடாது." நீ தலையாட்டினாய். அண்ணன் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. பிரான்சில் தமிழ்கூடச் சரியாகப் படிக்கத் தெரியாத நூறு பேர் புரட்டுகிற ஒரு மலரில்கூட நீ அதை மீறவில்லை. சத்தியத்தையும் காப்பாற்றி, என்னையும் விட்டுவிடாமல் எழுத அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறாய். அதை நான் திருத்தினேன்.

போனில் அந்தக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாயே, என்ன நினைத்தாய்? தெரியாமல் செய்கிறாள் என்றா, தெரிந்தேதான் அடித்தாள் என்றா? இரண்டாவதை நினைத்துக்கொண்டு போயிருந்தால்? என்னைத் தூங்க விடாத கேள்வி இது ஒன்றுதான்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். கூட வந்தவனின் பேரை வெளிச்சத்தில் எழுத முடிந்ததே, அந்தப் பெரிய மனிதர் மேல் பொறாமை. உன் மேல் அதைவிட. ஊர், பாஸ்போர்ட், பிள்ளை எல்லாம் போகட்டும். சிநேகிதியாக இருப்பதிலும் என்னை ஜெயித்துவிட்டாயே செலின், இனி எப்படி உன்னை எட்டிப் பிடிப்பேன்?

உன் கட்டுரையை நானே தமிழில் எழுதப் போகிறேன். நதின் பிரதி அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன்; இரண்டு பேர் பேரும் முழுசாக இருக்கும். பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு சொல் போதும், தமிழில் அது இரண்டாகப் பிரிகிறது. ஊருக்குச் சொல்லும்போது 'நாங்கள்' என்று எழுதுகிறேன். ஆனால் கேட்கிறவரை வெளியே நிறுத்துகிற சொல் அது. உன்னிடம் அதைச் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்வது இதுதான், அடிக்காமல் திருத்தாமல்: நாம் போனோம் செலின். நாம் நனைந்தோம்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள்,
உன் மகளின் பெரியம்மா,
கோமதி